மண்வெட்டி

...இன்னும் ஒரு நூல் முன்னால் தள்ளினால் போதும், மெழுகு இளகித்தான் இருக்கிறது, கத்தி முனையைச் சூடாக்கி இரண்டு முன்பற்களையும் லேசாக நெம்பினேன், யாருக்குத் தெரியப் போகிறது, பல் கட்டுகிறவன் வைத்ததுதான் வரிசை, வெளியே நாற்காலியில் பொக்கை வாயோடு காத்திருக்கும் என் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தம்பி தம்பி என்று உருகுகிறாள், அன்றைக்கு இந்தத் தம்பி எங்கே போனான்? மண்வெட்டிப் பல்லா, எழுந்து வாசி என்றாள், ஒரே ஒரு தடவைதான், வகுப்பு முழுக்கப் பிடித்துக்கொண்டது, அப்புறம் பத்து வருஷம் நான் மண்வெட்டிதான். வீட்டில் அழுதால் அம்மா மூக்கைத் துடைத்துவிட்டு, "சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, உடம்புல ஒட்டிக்கவா போகுது, தட்டி விட்டுட்டுப் போடா" என்பாள். தட்டித் தட்டிப் பார்த்தேன்... இருபத்திரண்டு வயதில், ஒரு சொத்தையும் இல்லாத அந்த இரண்டு பற்களையும் பிடுங்கிக்கொண்டு, நானே கட்டின பொய்ப்பல்லை மாட்டிக்கொண்டேன். ஒட்டாதாம்!

மெழுகு வரிசையை டீச்சர் வாயில் பொருத்திக் கண்ணாடியைக் கொடுத்தேன், சிரிங்கம்மா என்றேன், குரலில் தேன் ஒழுகியது எனக்கே கேட்டது. மெழுகில் இருக்கும்வரைதான் மாற்ற முடியும், சாயங்காலம் அச்சில் போட்டு வேகவைத்துவிட்டால் முடிந்தது, காலத்துக்கும் இதே பல்தான். டீச்சர் சிரித்தாள், சிரித்த வேகத்தில் கை தானாக வாயைப் பொத்தியது... அந்தக் கை, வாயை மறைத்துக்கொண்டுதானே பாடம் நடத்துவாள், சாக்பீஸ் தூளுக்குப் பயந்து என்றல்லவா நினைத்திருந்தோம்? "தம்பி, இது என்னோட பழைய பல்லு மாதிரியே இருக்கு," விரலிடுக்கில் குரல் வந்தது, "எங்க அப்பா என்னை மண்வெட்டின்னுதான் கூப்பிடுவாரு. மாத்திடுங்க தம்பி, கல்யாண போட்டோல கூட நான் சிரிச்சதில்ல."

பாவம் என்று தோன்ற வேண்டும் அல்லவா? தோன்றவில்லை. எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதானே அந்தச் சொல்லை என்மேல் எறிந்திருக்கிறாய்... "அதெல்லாம் பழகிடும்மா, யாராவது சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, உடம்புல ஒட்டிக்கவா போகுது" என்றேன். தலையாட்டினாள், அம்மாவிடம் நான் ஆட்டியது போலவே, அதைப் பார்த்து இனித்தது, பொய் சொல்ல மாட்டேன், இனிக்கத்தான் செய்தது. அவள் போய்விட்டாள். வரிசை மேஜைமேல் இருக்கிறது, மெழுகு இன்னும் முழுசாக இறுகவில்லை, சாயங்காலத்துக்கு நேரம் கிடக்கிறது, கத்தியை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம், யாருமே இல்லாத இந்த அறையில் என் கை மட்டும் ஏன் என் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது?