வளையத்துக்குள் தொங்கிய நட்சத்திரம்

அன்று கொட்டகைக்குள் இருந்தவர்கள் எலியா, அவர் மனைவி செல்லபாய், என்ஜினீயர் மகன் சஜன், முதலாளி கிருஷ்ணன்குட்டி, எலக்ட்ரீசியன் யோசுவா. வேறு யாரும் இல்லை.

அமரவிளையில் மூடிக்கிடந்த, கூரை ஓடு சுடும் கம்பெனியின் கொட்டகைக்குள் சஜன் ஒரு ரோலர் கோஸ்டர் அமைத்திருந்தான். இருட்டில் ஓடி, நடுவே பெரிய இரும்பு வளையத்தில் தலைகீழாகச் சுற்றிவரும் வண்டி. கிறிஸ்துமஸுக்குத் திறப்பு. மனிதன் கை விரித்தால் எட்டும் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் செய்து, இருக்கையில் பூட்டி, வண்டியைக் கயிறு கட்டிப் பாதை முழுக்க இழுத்துப் பார்த்தான். எங்கும் இடிக்கவில்லை. "இனி இதுக்குள்ள ஒரு ஆணிகூட அடிக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

வாசலில் கிருஷ்ணன்குட்டி கட்டிக்கொண்டிருந்த குருத்தோலைத் தோரணம் எலியாவை உறுத்தியது. உண்டாக்கியவன் தன் மகன். ஊர் பார்ப்பது முதலாளியின் தோரணத்தையா?

"எலே யோசுவா, நம்ம வீட்டு நட்சத்திரத்த வளையத்துக்க நட்டநடுவில தொங்கவிடு. ஆடப்பிடாது, இரும்புக் குழாயில கெட்டு. வண்டி உச்சிக்கு ஏறும்ப சுவிச்சப் போட்டாப் போதும், அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாண்டாம்."

"அவன் ஒண்ணும் கெட்டப்பிடாதுன்னு சொன்னானில்லா" என்றாள் செல்லபாய்.

"அவனுக்கு நான் அப்பனாக்கும்."

குழாய் கூரையிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி இறங்கியது. விளக்குகளை அணைத்தார்கள்.

சஜன் வந்து ஏறி, தோள்கம்பியை இறக்கிப் பூட்டினான்.

"ஆளுகளுக்குக் கை எங்கயும் தட்டாதல்லோ?" என்று கேட்டார் கிருஷ்ணன்குட்டி.

"ரெண்டு கையும் விரிச்சிட்டே வாறேன், அண்ணே. தட்டினா எனக்க பேர மாத்திக் கூப்பிடுங்க."

வண்டி வளையத்தில் ஏறியது. நட்சத்திரம் எரிந்தது. எலியா நெஞ்சை நிமிர்த்தினார். குழாய் அதிர்ந்த சத்தம் கேட்டது. வண்டி கீழே வந்து நின்றபோது சஜனின் வலது கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, குழாயை அங்கே வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். யோசுவா எலியாவைப் பார்த்தான். எலியா சன்னலைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றான் சஜன். "எனக்க கணக்கு பெசகிப்போச்சு."

கணக்கு பிசகியவனை நம்பி இனி எவனும் வேலை தரமாட்டான் என்பது எலியாவுக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகச் செல்லபாய் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அதிகாரி போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அவரிடம் அவள் பேசவில்லை.

கொட்டகையைப் பூட்டினார்கள். சஜன் பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். அம்மா ஊட்டினால் தின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சஜன் குடித்துவிட்டு வண்டியில் ஏறினான் என்று வெள்ளறடை ஊர்வரை பேச்சு நடப்பதாக ஒருவர் எலியாவிடம் சொன்னார்.

"பச்சப் பொய்" என்றார் எலியா. "எங்க குடும்பத்தில யாரும் குடிக்கதில்ல."