சிறுத்தையின் கழுத்துப் பட்டை

விலங்கு மருத்துவருக்கு அன்று காலையிலிருந்தே தாங்க முடியாத கோபம். காரணம் ஒரு சிறுத்தையின் கழுத்து.

போன வருஷம் அது நடமாடும் இடத்தைக் காட்டும் ரேடியோ பட்டையைக் கட்டியபோது அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்த ஆண் சிறுத்தை. வளரும் கழுத்துக்கு இடம்விட்டுக் கட்ட வேண்டும் என்று பயிற்சிக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள். கட்டியதோ அவளுடைய அண்ணன், ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். தளர்வாக இருந்தால் நழுவிவிடும், தகவல் போய்விடும் என்று இறுக்கிவிட்டார். இப்போது காட்டுக் கேமராவில் விழுந்த படத்தில் பட்டை தோலுக்குள் புதைந்து கிடந்தது.

“அண்ணே, உடனே மயக்க ஊசி போட்டுக் கழட்டணும்.”

“அறிக்கை முடியட்டும். இன்னும் ரெண்டு மாசந்தான்.”

“அதுக்குள்ள செத்துரும்!”

“சின்ன வயசுலயே நீ இப்படித்தான். தொட்டதுக்கெல்லாம் அழுவ.”

சிறுத்தையைப் பற்றிப் பேசினால் தங்கையின் சின்ன வயசை இழுப்பார். அண்ணன்மார்களுக்கு இது கைவந்த கலை. என் அனுமதியில்லாமல் யாரும் கைவைக்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டு, ஏசியைக் கூட்டிவைத்தார்.

அவள் நேரே பயிற்சி அறைக்குப் போனாள். அங்கே அவளிடம் பயின்று மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவள் முன்பு பள்ளி வேன் ஓட்டியவள், அதனால் எல்லோருக்கும் அவள் வேன்காரி.

“நாளைக்கு விடியக்காலையில போறோம். எது வந்தாலும் என் தலையோட போகட்டும்” என்றாள் மருத்துவர். ஒருவரும் மறுக்கவில்லை.

சிக்னலைப் பிடித்துக்கொண்டே போய் ஓடைக்கரையில் கண்டுபிடித்தார்கள். ஊசி சரியாகத் தொடையில் பாய்ந்தது. ஒருவர் சிறுத்தையின் கண்ணைத் துணியால் மூடினார், ஒருவர் மூச்சை எண்ணினார், வேன்காரி பட்டையை வெட்டினாள். குப்பென்று நாற்றம் எழுந்தது. காயத்தில் புழு. கழுவி மருந்து போட்டு, ஒதுங்கி நின்றார்கள். சிறுத்தை எழுந்து, தள்ளாடி, புதருக்குள் போனது. வேன்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் சீழ் காய்ந்த பட்டை.

“அந்த மூணு பேருக்கும் இனி இங்க வேலையில்ல. சொல்லி அனுப்பிட்டேன்.”

“அவங்களைக் கூட்டிட்டுப் போனதே நான். என்னை அனுப்பு!”

“உன்னை எப்படி அனுப்புறது? அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டையை எடுத்து அவர் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள். கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். நடையில் வேன்காரி சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் சும்மா விடமாட்டேன், பாருங்க. கிழிச்சிட்டுத்தான் வர்றேன்.”

“கேட்டுச்சு டாக்டர். ராத்திரி எங்க சாப்பிடுவீங்க?”

அண்ணன் வீட்டு மாடியில்தான் மருத்துவர் குடியிருந்தாள். சாப்பாடும் அங்கேதான்.

“உங்க சண்டை வீட்டுச் சண்டை. நாளைக்கு ஆறிடும். எனக்கு அப்படியா? மறுபடி எவன் வேன் தருவான்னு போய் நிக்கணும்.” குரலை உயர்த்தாமலே சொன்னாள். சட்டையை மருத்துவரின் கையில் திணித்துவிட்டு, மற்ற இருவரோடு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

கூடவே போக வேண்டும் என்றுதான் மருத்துவர் நினைத்தாள். கால் நகரவில்லை. தன்மேலேயே வந்த கோபத்தில் கண் கலங்கியது.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

“போதும், உள்ள வா. டீ ஆறிப்போகுது.”