துண்டுக்கு வெளியே ஒரு விலை

மல்லாட்டை விலை, அதாவது வேர்க்கடலை விலை, அலை மாதிரி வரும் என்று குசுமாவதி சொன்னபோது அவள் புருஷன் ஜினசந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சமுத்திரத்தப் பாத்திருக்கியா நீ?"

"மல்லாட்டையப் பாத்திருக்கேனே!"

திருவண்ணாமலை மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் இராமலிங்கம் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விவசாயியின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தாரோ அதுதான் விலை. பக்கத்து வண்டிக்காரனுக்குக்கூடத் தெரியாது. இதில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை? புருஷன் வந்து சொல்லும் விலையைத்தான் அவள் கொல்லைச் சுவரில் கரிப்புள்ளியாக வைத்து, கோலம்போல் இழுத்துச் சேர்த்துவந்தாள். வருஷா வருஷம் விலை மூன்று தரம் ஏறியது, நடுவில் இரண்டு தரம் சற்று இறங்கி மூச்சு வாங்கியது, பிறகு ஒரேயடியாகச் சறுக்கியது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு முன்னால் விலை இரண்டாம் முறையாக விழுந்தது. ஊரே அடித்துப் பிடித்து விற்றது.

"இன்னும் கம்மியாவும் நயினாரே, போட்டுட்டுப் போங்க" என்று இராமலிங்கம் ஜினசந்திரனிடம் ஆள்மேல் ஆள் விட்டார்.

"இது ரெண்டாவது மூச்சு. ஒரு மூட்டையும் நகரக் கூடாது" என்றாள் குசுமாவதி.

"தப்பாப் போச்சுன்னா விதைக்கு வெச்சதையும் விக்கணும்டி. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பழிய எம்மேல போடுங்க."

கரித்துண்டை எடுத்துச் சுவரில் அன்றைய புள்ளியை வைத்தாள்.

தையில் விலை மளமளவென்று ஏறியது. மூட்டைகளோடு அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். சரக்கு வரத்து இல்லாமல் காய்ந்து கிடந்த இராமலிங்கம் ஓடிவந்து துண்டை விரித்தார். ஜினசந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அவளக் கேளுங்க."

"துண்டெல்லாம் வேணாங்க. வாயாலயே சொல்லுங்க" என்றாள்.

"மண்டி வழக்கம் இல்லம்மா அது."

"அப்ப அடுத்த மண்டிக்குப் போறோம். மாட்ட அவுக்காதீங்க."

இராமலிங்கம் முணுமுணுத்தார்.

"சத்தமா!"

சொல்லித் தொலைத்தார். பக்கத்து வண்டி முருகையன் துள்ளி எழுந்தான். சற்றுமுன்தான் அதே துண்டிலிருந்து கையை எடுத்திருந்தான்.

"யோவ், எனக்கு அவ்ளோ வெரல் புடிக்கலியேய்யா நீ!"

குசுமாவதி வண்டியில் நின்றபடியே குரல் கொடுத்தாள்: "இது மூணாவது ஏத்தம். இனிமே சறுக்கும். இன்னிக்கே வித்துடுங்க, ஆனா வாயால கேட்டு வில்லுங்க."

இராமலிங்கம் அடுத்த வண்டியிடம் போய்த் துண்டை விரித்தார். அங்கே யாரும் கையை நீட்டவில்லை.