சிவப்பு மூட்டை

தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கூத்து என்னவென்றால், கட்டிக்கொண்டவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்புறம் நாக்கு வேறு பேருக்குத் திரும்ப மாட்டேன் என்றுவிட்டது. அவர் ஆல்டரேஷன் டெய்லர். புதுத் துணி தைக்க மாட்டார். பேண்டின் உயரத்தைக் குறைப்பது, சட்டையின் பக்கவாட்டைப் பிடிப்பது, போன வருஷம் பூட்ட முடிந்து இந்த வருஷம் பூட்ட முடியாத பொத்தானைப் பூட்ட வைப்பது, இதுதான் தொழில். மனுஷனுக்குத் தொப்பை என்று ஒன்று இருக்கிறவரை தன் பிழைப்புக்குக் குறைவில்லை என்பார்.

சிஸ்டர் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடியப் போகிற சமயத்தில், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்ன சொல்லட்டும் என்று அவள் போனில் கேட்டாள். வேண்டாம், வந்துவிடு என்பது டெய்லருக்குத் தொண்டை வரை வந்தது. வந்தது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "உன் இஷ்டம்" என்றார். ஏதோ பெரிய மனசோடு பேசிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அதற்கு அவள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற ஜாதி இல்லை. உருப்படியாகப் பேசியது எல்லாம் நடக்கும்போதுதான். டியூட்டி முடிந்து அவள் கடைக்கு வருவாள், இவர் ஷட்டரை இழுத்து விடுவார், வீடு வரைக்கும் நடை. அவளுடையது வார்டில் ஓடிப் பழகிய கால், இவருடையது உட்கார்ந்த இடத்தில் மிதித்துப் பழகிய கால். அவள் பத்தடி முன்னால் போய்விட்டு, விளக்குக் கம்பத்தடியில் நின்று, "வர்றீங்களா, ஆள் அனுப்பட்டுமா?" என்பாள். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எல்லாம் வெளியே வரும். குழந்தைக்காக அலைந்தது போதும் என்று இருவரும் முடிவெடுத்தது அந்த நடையில்தான். அவள் வெளிநாடு போவதென்று தீர்மானமானதும் அதே நடையில்தான். போனில் வீடியோ போட்டால் அந்த ராசி இல்லை. மூலையில் தெரிகிற தன் காலர் மடிந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே இவருக்குப் பேச்சு மறந்துபோகும்.

இப்படி இருக்கையில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. சிஸ்டரோடு அறையில் தங்கியிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் லீவு நாளெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் ஆடுவாளாம். காடு, மலை, ராட்சசன், மந்திரவாதி என்று முடிவே இல்லாத ஒரு தேசம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள் கையில் வாங்கிப் பார்த்தாள். வாங்கினவள் விடவில்லை.

"அங்க ஒரு வீடு கட்டியிருக்கேங்க," என்றாள் ஒரு நாள். "ஏரிக்கு மேல, மேட்டுல. ஜன்னலுக்குத் திரை மட்டும் இல்ல. நீங்களும் வந்து பாருங்களேன்."

வீடு என்ற வார்த்தை டெய்லருக்குச் சுருக்கென்று தைத்தது. தான் இல்லாமல் அவள் ஒரு வீடு கட்டியிருக்கிறாள். பொம்மை வீடுதான், ஆனால் வீடு. அன்றைக்கே மச்சானைப் பிடித்தார். மச்சான் என்றால் சிஸ்டரின் தம்பி, செல்போன் கடையில் வேலை, வாய் நீளம். தன்னிடமிருந்த பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டி, எந்தக் கட்டை விரலுக்கு எந்தக் குமிழ் என்று காட்டிக் கொடுத்தான்.

"மொதல்ல ஒரு பாலம் வரும் மாமா. அதோட கதவத் தெறக்குற வரைக்கும் தனியாத்தான் போகணும். தெறந்துட்டா அக்கா வந்து சேந்துக்கலாம். ரெண்டு சாயங்காலம் போதும், நீங்களே போயிருவீங்க."

பாலத்தில் அவளைப் பிடித்து, ஏரி மேடு வரைக்கும் நடந்து, அந்த நடையில் சொல்லிவிடுவது என்று டெய்லர் மனசுக்குள் முடிவு கட்டினார். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

இரண்டு சாயங்காலம் மூன்று வாரமாயிற்று. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்ததில் கொஞ்சம் போனது. ஓநாய்களிடம் செத்துப் பிழைத்ததில் கொஞ்சம் போனது. தையல்காரன் பட்டறை என்று ஒன்று வர, ஆசையாக உள்ளே போனால், அளவே எடுக்காமல் கண் மூடித் திறப்பதற்குள் கோட்டு தயாராகிவிட்டது. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது வேறு. அந்தக் கோபத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க அவர் பெட்டியைத் தொடவில்லை.

பெரிய தொல்லை நடைதான். திரையில் அவருடைய ஆள் சேற்றில் மாட்டினவனைப் போல அடி எடுத்து வைத்தான். ஓடும் குமிழை எத்தனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஊரின் வேகமே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று டெய்லர் எடுத்துக்கொண்டார். ஓநாயிடமிருந்து ஓட முடியாததால் மரத்தடி மரத்தடியாகப் பதுங்கி, ஒரு மைதானத்தைச் சுற்றிப் போக ஒரு சாயங்காலம் பிடித்தது. வழியில் கிடந்ததை மட்டும் அவர் விடவில்லை. ஆல்டரேஷன்காரனுக்குக் கையில் ஊறின பழக்கம் அது. வெட்டின துண்டை எறிய மாட்டான். இன்று எறிகிற நீலத்தைத்தான் நாளைக்கு வருகிறவன் கேட்பான். வீட்டிலும் இதே கதைதான். சிஸ்டர் இருந்தவரை, இவர் பார்க்காத நேரமாகப் பார்த்து மூட்டை மூட்டையாக வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு கேட்பாரில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தவை மேலே ஏறி, அவள் படுக்கும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. வீடியோவில் பேசும்போது கட்டில் தெரியாதபடி சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு தேசத்தையே கொடுத்தால் என்ன ஆகும்? பாழடைந்த கோட்டையில் திரைச்சீலைகளை உருவினார். கரண்டி, மெழுகுவர்த்தித் தண்டு, கரடித்தோல், கிழிந்த கொடி, மீன்வலை, எல்லாம் பைக்குள் போயிற்று. இரண்டாம் நாளே திரையின் மூலையில் ஒரு குட்டி மூட்டைப் படம் சிவப்பாக வந்து நின்றது. பரவாயில்லை, நிறையச் சேர்த்துவிட்டோம், பாராட்டுகிறான் என்று நினைத்தார். அது சிவப்பாகவே இருக்கும்படி மேலும் சேர்த்தார்.

சிஸ்டர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே இருக்கிறீர்கள்? மாவு மில் பக்கத்தில். மறு வாரம்? மில்லைத் தாண்டியாயிற்று. மில்லிலிருந்து பாலம் கூப்பிடு தூரம் என்பது ஆடினவளுக்குத் தெரியும். இவர் பெட்டியைத் தொடுவதே இல்லை, தன் மனசு நோகாமல் இருக்கப் பேசுகிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

"முடியலன்னா விட்ருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் டெய்லர் சமாளித்திருப்பார். இல்லை. உடம்பு தேறாது என்று தெரிந்த நோயாளியிடம் பேசுகிற குரலாக இருந்தது. நாளை மறுநாள் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அதே குரலில் சேர்த்துச் சொன்னாள். மச்சானைக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஊரிலுள்ள பேண்டை எல்லாம் நேராக்குகிற மனுஷன், ஒரு ஓநாயைச் சமாளிக்கத் தெரியவில்லை என்று அவனிடம் போய் நின்றால், அவன் கல்லறை வரை அதைச் சொல்லிக் காட்டுவான்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கட்டை விரல் வீங்குகிற வரை அழுத்தி, மத்தியானம் சாய்கிற நேரத்தில் பாலத்துக் கதவைத் திறந்துவிட்டார். உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினார்: "வந்துட்டேன்." அவளுக்கு அது காலை நேரம், டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது.

பாலத்தின் மறுகோடியில் புகை மாதிரி ஏதோ எழும்பியது. நெட்டையாக ஒரு பெண், தோளில் கோடரியோடு வந்து நின்றாள். ஹெட்போனில் சிஸ்டரின் குரல் கேட்டது, காதுக்குள்ளேயே.

"எங்க நீங்க? ஆங், பாத்துட்டேன். வாங்க, வாங்க. ஓடி வாங்க."

"ஓடித்தான் வர்றேன்."

டெய்லருடைய ஆள் ஒரு கால், இன்னொரு கால் என்று பாலத்தின் பலகைகளை மிதித்துக்கொண்டு வந்தான். கோடரிக்காரி அசையாமல் நின்று பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக அவர் கேட்காத சிரிப்பு அது.

"அங்கதான் அப்படின்னா இங்கயுமா? நில்லுங்க. மூலையில மூட்டை ஒண்ணு தெரியுதா? என்ன கலரு?"

"செவப்பு. மூணு வாரமா செவப்புதான்," என்றார் பெருமையாக.

அது பாராட்டு இல்லை, தாங்க முடியாத பாரம் என்று அவள் எடுத்துச் சொன்னபோது டெய்லருக்கு முகம் செத்துவிட்டது. இந்த மூன்று வாரமும் தானே கட்டிக்கொண்டு இழுத்த பாரம் அது. பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கீழே போடச் சொன்னாள். கரண்டிகள் விழுந்தன. கரடித்தோல் விழுந்தது. பாலம் கடைத்தெரு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"ஒத்தச் செருப்பு எதுக்குங்க?"

"ஜோடி எங்கயாவது கிடைக்கும்னுதான்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை.

திரைச்சீலையை மட்டும் போட மாட்டேன் என்றார். அது உன் ஜன்னலுக்கு என்றார். மற்றதெல்லாம் போன பிறகு ஓடும் குமிழை அழுத்தினால், அடேயப்பா, ஆள் பாய்ந்தான். பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் டெய்லர் ஓடினார். வாழ்க்கையில் அவளை முந்திப் போனது அன்றைக்குத்தான். போய்த் திரும்பிப் பார்த்தால், அவள் பின்னாலேயே வரவில்லை. குனிந்து அவர் போட்டதை எல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எடுக்கற? நேரமாச்சு, வீட்டக் காட்டு. ஓடினா போயிரலாம்ல?"

"போயிரலாம்," என்றாள். "பாதி நீங்க எடுத்துக்கோங்க."

டெய்லருக்குப் புரியவில்லை. ஆனாலும் எடுத்தார். பாதியே ஒரு ஆளை முடக்கப் போதுமான அளவுக்கு அவர் சேர்த்துவைத்திருந்தார். மூலையில் மூட்டை மறுபடி சிவந்தது. அவளுடைய கோடரிக்காரியும் ஓட மாட்டாமல் அடி மேல் அடி வைத்தாள். மெதுவாக நடக்க அந்த ஆட்டத்தில் வேறு சுலபமான வழி இருப்பதாக மச்சான் பிற்பாடு சொன்னான். அது சிஸ்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"இப்ப நடக்கலாம்," என்றாள்.

நடந்தார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர், முகம் பாராமல். புல்வெளியில் வெயில் சாய்ந்திருந்தது. தூரத்தில் ஏரி மினுங்கியது, மேட்டின் மேல் ஒரு கூரை தெரிந்தது. இந்த வேகத்தில் அவள் கிளம்புவதற்குள் அங்கே போய்ச் சேர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவளுடைய மூச்சு அவர் காதில் கேட்டது. வார்டு, இரவு டியூட்டி, மூட்டு வலி என்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ம், ம் என்று வந்தார். ஷட்டரை இழுத்துவிட்டு வருகிற அதே நடை. எத்தனை ஏங்கியிருக்கிறோம் இதற்கு என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கண் நிறைந்து ஏரி கலங்கியது.

"வேண்டாம்," என்றார்.

"என்ன வேண்டாம்?"

"நாளைக்குக் கையெழுத்து. உன் இஷ்டம்னு சொன்னது பொய். என்னால முடியல. வந்துடு."

கோடரிக்காரி மட்டும் நடந்துகொண்டிருந்தாள். லைன் போய்விட்டதோ என்று டெய்லர் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டில்ல என் பக்கம் என்ன வச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல ஒரு கணம் வாயெடுத்தார். "துணி மூட்டை."

"எது வரைக்கும்?"

"தலகாணி வரைக்கும்."

"சுவத்துல சாஞ்சு உக்காந்தா தெரியாதுன்னு நெனப்பு," என்றாள். குரல் உடைந்து, சேர்ந்துகொண்டது. "எடுத்து வைங்க. எனக்குப் படுக்க எடம் வேணும்."

டியூட்டிக்கு நேரமாயிற்று என்று அவள் போனாள். புல்வெளியில் அவருடைய ஆள் தனியாக, மூட்டையோடு நின்றான். டெய்லர் அவனை அப்படியே நிற்கவிட்டு எழுந்தார். கட்டிலில் இருந்த முதல் மூட்டையைத் தூக்கினார், கனமாகத்தான் இருந்தது. கடைசி மூட்டையை இறக்கும்போது வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் வெயில் பட்டு வெளுத்த விரிப்பில் அவள் பக்கம் மட்டும், இத்தனை நாளும் மூடிக் கிடந்ததால், சாயம் போகாமல் புதுசாக இருந்தது.