ஆரஞ்சு மேல்சட்டை

கேவின் டல்லி தன் வாயால் ஒருநாளும் "நான் கரண்ட் ஆபீஸிலிருந்து வருகிறேன்" என்று சொன்னதில்லை. வேண்டுமானால் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியமே செய்வான். "வணக்கம், உங்க வீட்டு கரண்ட் விஷயமா வந்திருக்கேன்" என்பதோடு அவன் வாய் நின்றுவிடும். மிச்சப் பொய்யை அவன் போட்டிருந்த ஆரஞ்சு மேல்சட்டை பார்த்துக்கொள்ளும். மீட்டர் பார்க்கிறவர்களும் ரோடு போடுகிறவர்களும் மாட்டிக்கொள்கிற, வெள்ளிப் பட்டை வைத்த சட்டை அது. ஹார்டுவேர் கடையில் தன் சொந்தக் காசில் வாங்கினான். மற்ற ஏஜெண்டுகள் டை கட்டிக்கொண்டு வாசல் வாசலாக நாய்க்கடி வாங்கிக்கொண்டிருந்தபோது, இவனை மட்டும் எல்லோரும் கேட்டைத் திறந்து உள்ளே விட்டார்கள். ஏஜெண்டுகளை வேனில் கூட்டிப்போகிற தலைவி லியான் அதைப் பார்த்து அசந்துபோய், மறுநாளே எல்லோருக்கும் அதே சட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

வேலை இதுதான்: அந்த ஊரில் மின்சாரம் விற்கப் பல கம்பெனிகள்; ஒன்றில் இருக்கிற வீட்டை இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். "இந்தத் தெருவுல எல்லாருக்கும் தள்ளுபடி மாறியிருக்கு, உங்க வீடு மட்டும் விட்டுப்போச்சு. பில்லைக் கொஞ்சம் காட்டுங்க" என்பான் கேவின். விட்டுப்போச்சு என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? பில் கைக்கு வந்துவிட்டால் மீன் தூண்டிலைக் கடித்த மாதிரிதான். தள்ளுபடி கொஞ்ச மாதத்தில் கரைந்துபோகும், பாதியில் விலகினால் அபராதம் உண்டு, பத்து நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எதுவுமே கிடையாது. இவை எல்லாம் அவனுக்கு மனப்பாடம். யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மட்டோடு நின்றிருந்தால் ஊரில் ஆயிரம் பொய்யனில் அவனும் ஒருவன் என்று விட்டுவிடலாம். ஆனால் அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் போனான். கம்பளக் கடை மூடி வேலை போய், மாதக்கணக்கில் சோபாவிலேயே கிடந்தவன், ஒரு சாயங்காலம் ஆரஞ்சு நிறத்தில் வந்து நிற்கிறான். மனைவி ட்ரூடியின் அப்பா கீத் அன்றைக்கு அங்கே இருந்தார். வாழ்நாள் முழுக்க மின் நிலையத்தில் வேலை பார்த்த மனிதர். "என்ன, நம்ம துறைக்கா வந்துட்ட?" என்று கேட்டார். கேவின் தலையை ஆட்டினான். ஒரே ஒரு ஆட்டல். அதுவரை 'அந்தக் கம்பளக்காரன்' என்று மட்டுமே குறிப்பிட்டு வந்த மாமனார், அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் சுட்டு எடுத்த முதல் சாஸேஜ் இறைச்சியை அவன் தட்டில் வைத்தார். ட்ரூடி அக்கம்பக்கமெல்லாம் "எங்க வீட்டுக்காரர் கரண்ட் இன்ஸ்பெக்டர்" என்று சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இனி யாரும் கரண்டி போடாமல் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கேவின்மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருந்தது. அந்த ஊருக்குப் பிப்ரவரிதான் கோடை; வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறபோது, வேன் கதவில் சாய்ந்துகொண்டு லியான் சொன்னாள்:

"இன்னிக்கு ஒரு கையெழுத்தாவது கொண்டு வா, கேவின். மூணாவது புகார் வந்துச்சுன்னா கழுத்துல இருக்கிற கார்டைக் கழட்டி என் கைல குடுத்துட்டு நடையைக் கட்டு."

அன்று இரண்டு வேன். ஒன்று தாமஸ்டவுன் பகுதிக்கு, ஒன்று எப்பிங் பகுதிக்கு. எப்பிங்கில்தான் அவன் வீடு. அந்த வேனில் தன்னைப் போடாமல், தான் தொழில் கற்றுக்கொடுத்த மிட்ச் என்கிற பையனைப் போட்டதில் அவனுக்கு நிம்மதி. தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் பாருங்கள்.

தாமஸ்டவுன் தெருவில் முதல் வீட்டில் நாய். இரண்டாவது வீட்டில், "அம்மா வீட்டுல இல்ல" என்று அம்மாவே குழந்தைக் குரலில் சொன்னாள். பிறகு வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் உட்கார்ந்திருந்த ஒரு வீடு. கார் ஷெட் திறந்திருந்தது. உள்ளே கூடை கூடையாகத் தக்காளி, தரை முழுக்கக் கழுவிய பாட்டில்கள், வெளியே ஒரு பெரிய இரும்பு டிரம்மில் கொதிக்கிற தண்ணீர். அந்தத் தெருவில் பிப்ரவரி வந்தால் பாதி இத்தாலிய வீடுகளில் இதுதான் கோலம்: வருஷத்துக்கு வேண்டிய தக்காளிச் சாஸை ஒரே நாளில் போட்டு முடிப்பார்கள். நடுவில் பாஸ்குவாலே என்கிற கிழவரும் அவர் மனைவி அசுந்தாவும் முழங்கைவரை சிவந்துபோய் நின்றிருந்தார்கள்.

"வணக்கம், உங்க வீட்டு கரண்ட் விஷயமா வந்திருக்கேன்."

அசுந்தா அவன் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். "மாதாவே! கரண்ட்காரனையே அனுப்பிட்டியே! தம்பி, வா வா. இந்த மெஷின் காலைலேர்ந்து ஓடல. மோட்டார் செத்துப்போச்சு. என்னன்னு பாரு."

தக்காளியை அரைத்துத் தோல் வேறு, சாறு வேறாகப் பிரிக்கிற மெஷின் அது. கேவினுக்கு மோட்டாரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பது மட்டும்தான். இதுவோ சத்தமும் போடவில்லை. ஆனால் ஆரஞ்சுச் சட்டை போட்டவன் தெரியாது என்று சொல்லலாமா? குனிந்து பார்த்தான். இரண்டு தட்டுத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"உள்ளுக்குள்ள கோளாறு. பெரிய பார்ட் மாத்தணும்," என்றான்.

"அப்படியா!" என்றார் பாஸ்குவாலே மரியாதையாக. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப கையாலதான் சுத்தணும். நீ சுத்து தம்பி, நான் தள்ளுறேன். என் பையன்ல ஒருத்தன் பிரிஸ்பேன்ல இருக்கான். இன்னொருத்தனுக்கு இந்த ஒரு நாள் மட்டும் வருஷா வருஷம் முதுகு பிடிச்சுக்கும்."

"இல்லைங்க ஐயா, நான் பில்லைப் பார்க்கத்தான்..."

"பில்லு எங்க ஓடிடப்போகுது? தக்காளிதான் அழுகிடும்."

ஒரு கையெழுத்துக்காக எதையும் செய்யலாம் என்று கைப்பிடியைப் பிடித்தான். மத்தியானம்வரை விடவில்லை. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி ஆயிற்று. முகத்தில் தக்காளி, காதில் தக்காளி, வெள்ளிப் பட்டையெல்லாம் தக்காளி. நடுநடுவே, மூச்சு வாங்கும் இடைவெளியில், தன் தொழிலையும் விடாமல் செய்தான். தெருவில் எல்லோரும் மாறுகிறார்கள் என்றான், மாறியே ஆக வேண்டும் என்றான், மூச்சு அதிகம் வாங்கியபோது அரசாங்கம் என்றுகூட ஒரு வார்த்தை வாயிலிருந்து நழுவிவிட்டது. பாஸ்குவாலே எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினார். கடைசியில் சிவப்புக் கையாலேயே கையெழுத்தும் போட்டார். கேவினுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசி, வீட்டுக்காரர் விரும்பித்தான் மாறுகிறாரா என்று சரிபார்ப்பாள். அந்த நேரம் ஏஜெண்ட் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்பது சட்டம்.

"ஐயா, ஒரு பொண்ணு பேசுவா. ஏதேதோ கேப்பா, குழம்பாதீங்க. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"என்ன கேட்டாலும்?"

"என்ன கேட்டாலும்."

அவன் வெளியே போகத் திரும்பியபோது அசுந்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? இன்னும் ரெண்டு கூடை இருக்கு!" அவளிடம் சட்டம் பேசிப் பயனில்லை. மறுபடி கைப்பிடியைப் பிடித்தான். பாஸ்குவாலேயின் கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தக்காளிக் கூடைமேல் வைத்தார்கள்.

"வீட்டு ஓனர் நீங்கதானா சார்?"

"ஆமா!" பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று கத்தினார் கிழவர்.

"கம்பெனி மாறுறீங்கன்னு புரிஞ்சுதா?"

"ஆமா!"

கேவினுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து அசுந்தா, "வேகமா சுத்துடா கரண்ட்காரா, வெயில் ஏறுது!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.  போனில் அந்தப் பெண்ணின் குரல் மாறியது.

"சார், எங்க ஏஜெண்ட் இப்ப உங்க வீட்டுல இருக்காரா?"

கேவின் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கிழவர் அவனைப் பார்த்து, கவலைப்படாதே, நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது என்பதுபோல் கையைக் காட்டினார்.

"ஆமா!"

"மாறியே ஆகணும்னு சொன்னாரா?"

"ஆமா!"

"அரசாங்கத்துலேர்ந்து வர்றதா சொன்னாரா?"

"ஆமா!"

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லச் சொல்லி அவர்தான் சொல்லிக்கொடுத்தாரா?"

"ஆமா! ஆமா!" என்றார் பாஸ்குவாலே, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் போல.

போன் கட்டாகிவிட்டது. கேவின் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தான். பாஸ்குவாலே மெதுவாகக் குனிந்து, தரையில் பாட்டில்களுக்குப் பின்னால் கிடந்த ஒரு ப்ளக்கை எடுத்துச் சுவரில் மாட்டினார். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"கரண்ட்காரன்னா முதல்ல ப்ளக்கைப் பார்ப்பான் தம்பி," என்றார்.

  அசுந்தா கேவின் கையில் சூடான சாஸ் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றிக் கொடுத்தாள். கூடவே ஒரு ஸ்டிக்கர். 'விற்பனையாளர்கள் கதவைத் தட்டாதீர்கள்' என்று போட்டிருந்தது.

"ஊர் கவுன்சில்ல குடுத்தாங்க, நிறைய இருக்கு. சாஸ் போடுற மாசத்துல மட்டும் நாங்க ஒட்ட மாட்டோம். ஒட்டினா யாரு வருவா? போன வருஷம் கேஸ் கனெக்‌ஷன் விக்க வந்தவன் பாட்டிலெல்லாம் கழுவினான். நல்ல பையன், உன்னை விட வேகம்."

தெருமுனையில் லியான் காத்திருந்தாள். மூன்றாவது புகார் அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது; கையை நீட்டினாள். கேவின் கார்டைக் கழட்டிக் கொடுத்தான். சட்டை அவனுடையது என்பதால் அதை யாரும் கேட்கவில்லை.

ரயிலில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, அவ்வளவு தக்காளி நாற்றம். ட்ரூடியிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். அடுத்த நிறுத்தத்தில் அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினான். எப்பிங்கில் இறங்கும்போது, சொல்லாமலே வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குத் தெளிந்துவிட்டான்.

ட்ரூடி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். "என்னய்யா இது ரத்தக் கோலம்? தக்காளியா? சரி, அதை விடு. இன்னிக்கு உங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் வந்தான்!"

"எந்த ஆபீஸ்?"

"உங்க ஆபீஸ்தான். இதே சட்டை, இதே வெள்ளிப் பட்டை. இல்லாட்டி நான் கதவைத் திறப்பேனா? கண்டவனையும் உள்ள விடுற ஆளா நான்? என் வீட்டுக்காரரும் இன்ஸ்பெக்டர்தான்னேன். அப்ப எங்களுக்கு மேலதிகாரி ஆச்சேன்னு எவ்வளவு மரியாதை! தெருவுல நம்ம வீடு மட்டும் விட்டுப்போச்சாம். கையெழுத்துப் போட்டுட்டேன். போன்ல ஒருத்தி கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொல்லிட்டேன். அப்பா வீட்டு விலாசமும் குடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல போறான்."

வந்தவன் மிட்ச்தான் என்று கேவினுக்குப் புரிந்துவிட்டது. தெருவில் விட்டுப்போன வீடு என்கிற அந்த வாக்கியம் கேவினின் சொந்தத் தயாரிப்பு. மிட்சுக்கு அதை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் இன்ஸ்பெக்டராகவே இருக்கலாம். நாளைக்கு மாமனார் கீத்தும் மாட்டுவார், முதல் சாஸேஜ் வைத்த கையாலேயே கையெழுத்துப் போடுவார். ட்ரூடி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ட்ரூடி, உடனே போன் போட்டு வேண்டாம்னு சொல்லு. பத்து நாள் வரைக்கும் சொல்லலாம். அப்பாவுக்கும் சொல்லு, எவன் வந்தாலும் பில்லைக் காட்ட வேண்டாம்னு."

"ஏன்? உங்க ஆபீஸ்தானே?"

"ஆபீஸே இல்ல. விக்கிறதுதான் வேலை. நானும் அவனை மாதிரிதான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்த வேலையும் மத்தியானம் போயிடுச்சு."

அவள் வெள்ளிப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இந்தச் சட்டை?"

"ஹார்டுவேர் கடை."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. போனை எடுத்தாள், ரத்து செய்தாள், அப்பாவிடம் பேசினாள். கேவின் பெயர் அந்தப் பேச்சில் வரவே இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. பிறகு அவன் கையிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"அது எதுக்குக் கைல வச்சுட்டு நிக்கிற? போய்க் கதவுல ஒட்டு."

வெளியே போய் ஒட்டினான். கோணல் இல்லாமல், கண்ணுக்கு நேராக, ஓரமெல்லாம் நன்றாக அழுத்தி ஒட்டினான். அவன் அழுத்திக்கொண்டிருக்கும்போதே கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

ஒரு கையில் சாஸ் பாட்டிலோடு நின்று யோசித்தான். வேறு வழியில்லாமல், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டினான்.

"யாரது?" என்றாள் உள்ளிருந்து. "எந்தக் கம்பெனி?"

"கம்பெனி எதுவும் இல்ல. கேவின்."

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

சட்டையைக் கழற்றிக் கீழே போட்டான்.  இதற்கு அவனிடம் தயாரான வாக்கியம் எதுவும் இல்லை.

"பொய் சொல்லிட்டேன். மன்னிப்பு கேக்க வந்திருக்கேன்."

 பிறகு தாழ் விலகி, சங்கிலி போட்டபடியே கதவு ஒரு சாண் திறந்தது. ட்ரூடியின் கை வெளியே வந்து சாஸ் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டது.

"பத்து நாள் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.