நரகத்து இசோகாயை யாருக்கும் பிடிக்கக் கூடாது

இசோகாய் ஃபுமியேயை யாராவது "அடிப்பாவி!" என்று திட்டினால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். என்ன செய்வது, கொஞ்ச காலமாக ஒசாகாவில் அவளைத் திட்ட ஆளே இல்லை.

இத்தனைக்கும் அவள் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. முகத்தில் கறுப்பும் சிவப்பும் அப்பிக்கொண்டு "நரகத்து இசோகாய்" என்ற பெயரில் மல்யுத்த மேடைக்கு வருவாள். எதிராளியின் முடியைப் பிடித்து இழுத்தால், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நடுவரோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், "ஆகா, நாற்காலி வந்தாச்சு!" என்று கைதட்டுவார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "பாத்து தூக்கும்மா, இடுப்பு புடிச்சுக்கப் போகுது" என்பாள். வில்லி என்றால் இப்படியா இருக்கும்? கல்யாண வீட்டுக்கு வந்த அத்தையை நடத்துகிற மாதிரி நடத்தினார்கள்.

பெண்கள் மல்யுத்தம் ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குப் புதிதில்லை. பள்ளிச் சீருடையோடு பெண் பிள்ளைகள் திரண்டு வந்து அழுது தீர்த்த காலத்தில்தான் அவள் மேடையேறினாள். அப்போது மீன்கடைக்காரர் அவளுக்கு மீன் தர மறுத்தார். வாசலில் நிறுத்திய சைக்கிளின் காற்றைத் தினமும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். பொற்காலம்! பிறகு கூட்டம் வற்றியது. சில வருடங்களில் மறுபடி பொங்கி, பெரிய பெரிய அரங்கமெல்லாம் நிறைந்தது. அதற்குப் பிறகு, நிஜமாகவே மூக்கை உடைத்துக்கொள்ளும் சண்டைகள் தொலைக்காட்சியில் வர ஆரம்பித்தன. ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஃபுமியே ஒன்றைக் கவனித்திருந்தாள். கூட்டத்தில் முதலில் எழுந்து போகிறவர்கள் வெறுப்பவர்கள். நேசிப்பவர்கள் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். தங்கமான மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் எல்லாரையும் நேசிப்பார்கள், யார் ஜெயித்தாலும் சந்தோஷப்படுவார்கள், பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாளி சுபோய் அவளை உடைமாற்றும் அறைக்கு வெளியே நிறுத்தினார். கையில் ஒரு சமையல்கட்டு மேலங்கியும் பெரிய கரண்டியும்.

"அடுத்த மாசத்துலேருந்து நீ இதுதான், ஃபுமியே. 'சாப்பாட்டுக்கடை ஃபுமி அத்தை.' கரண்டியால நடுவர் மண்டையில ஒண்ணு போடு. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"முதலாளி, நான் வில்லி."

"யாரு சொன்னா? உனக்குப் போன மாசம் பொறந்தநாள் கேக்கு கொண்டுவந்தாங்க. நரகத்துக்கு யாராவது கேக்கு கொண்டுபோவாங்களா?"

"எல்லாரும் நல்லவங்களா இருந்தா அப்புறம் யாரு தோக்கறதப் பாக்க ஜனங்க வருவாங்க?"

சுபோய் கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டார். ஆள் கெட்டவர் இல்லை. ஆள் வைத்துச் சம்பளம் தர முடியாமல் மேடை அறிவிப்பையும் தானே செய்துகொண்டு, காலையில் நாற்காலியும் தானே போடுகிறவர்.

"சரி, இன்னிக்கு ஒரு நாள் நீ நரகம்தான். ஒரே ஒருத்தர், நெஜமா, வயிறெரிஞ்சு உன்னைத் திட்டட்டும். திட்டினா கரண்டிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

அன்றைக்குப் பட்டத்துக்கான போட்டி. எதிராளி மொமோசே வகானா; வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது, எல்லாருக்கும் செல்லம். வகானாதான் ஜெயிக்கவேண்டும் என்பது போன வாரமே முடிவாகியிருந்தது. அதில் ஃபுமியேக்கு வருத்தமில்லை. யார் ஜெயிப்பார் என்பதை முதலாளி முடிவு செய்யலாம், யாருக்கு வயிறு எரியும் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது.

கூட்டம் இல்லாத காலத்தில் நல்லவள் கெட்டவள் எல்லாரும் ஒரே வேனில் வருவார்கள், வாசலில் ஒரே மேசையில் நின்று தங்கள் படம் போட்ட சட்டை விற்பார்கள். ஃபுமியேயும் முகச்சாயத்தோடு நின்று விற்றுக்கொண்டிருந்தாள். ஹதானாகா வந்தார். பொய்ப்பல் செய்கிற தொழில் பார்த்தவர், ரசிகர்களில் மூத்தவர், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் தவிர ஒரு காட்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. தோளில் பெரிய துணிப்பை. அதைத் திறந்து காட்டினார்: உள்ளே பூரா இளம்பச்சைக் காகித நாடாச் சுருள்கள்.

"பாத்தீங்களா, ஃபுமி சான்! வகானாவுக்கு முதல் பட்டப்போட்டி இல்லையா? நடுவுல இருக்கற அட்டைய எடுத்துட்டு, யாருக்கும் அடிபடாத மாதிரி ஒவ்வொண்ணையும் தளர்வா சுத்தி வெச்சிருக்கோம். எங்க வீட்டம்மா கூட சுத்தினா. அவளுக்கு மல்யுத்தம்னாலே ஆகாது!"

"அம்மா வரலையா?"

"அவ எங்க வருவா? சுத்தினதே பெரிசு." பிறகு குரலைத் தாழ்த்தி, குனிந்து வணங்கினார். "ஒரு வேண்டுகோள். பேர் சொன்னதும் நாங்க எறியறோம். பசங்க மேடையக் கூட்டி முடிக்கறவரைக்கும் நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"அதுக்கென்ன, ஹதானாகா சான்," என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவர் பையை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போனார்.

எதில் வயிறு எரியும் என்று அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. நாற்காலியால் அடிப்பது பெரிய காரியமில்லை, நாற்காலி யாருக்கும் வலிக்காது. இது வலிக்கும். இவரை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். மேசையில் மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள். கரண்டியை நினைத்துக்கொண்டாள், மனம் துணிந்தது. வகானாவிடம்கூடச் சொல்லவில்லை.

மாலை சாய ஆரம்பித்தபோது கடைசிப் போட்டி வந்தது. ஃபுமியேயின் பெயரைச் சொன்னதும் நாலைந்து கறுப்பு நாடாக்கள் அன்பாக வந்து விழுந்தன. "ஃபுமி!" என்று கொஞ்சினார்கள். அடுத்து வகானாவின் பச்சை மூலை. ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கையில் நாடாவின் நுனி, இன்னொரு கையில் சுருள். ஹதானாகா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையை ஓங்கினார். சுபோய் ஒலிவாங்கியைப் பிடித்து, மூச்சை நன்றாக இழுத்து ஆரம்பித்தார்.

"பச்சை மூலை... மொமோசேஏஏஏ..."

அதற்குமேல் வரவில்லை. ஃபுமியே ஒலிவாங்கியைப் பிடுங்கி, அதைக் கொண்டே வகானாவின் முதுகில் ஒன்று வைத்தாள். "மணிய அடி!" என்று கத்தினாள். மணிக்காரக் கிழவர் எபினா, வாழ்நாளெல்லாம் அவள் மிரட்டலுக்குப் பழகியவர், யோசிக்காமல் அடித்துவிட்டார்.

மணி அடித்துவிட்டால் போட்டி ஆரம்பம், அதன்பிறகு நாடா எறியக் கூடாது. காலில் சிக்கி யாராவது விழுந்துவிடுவார்கள். ஒவ்வொரு ரசிகருக்கும் இது தெரியும், ஒருவர் கூட மீறியதில்லை. ஆகவே அத்தனை பேரும் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார்கள். வகானா தரையில் முகம் பதிந்து கிடந்தாள். அவள் பெயரை முழுதாக யாருமே சொல்லவில்லை.

ஃபுமியே கயிற்றில் சாய்ந்து ஒலிவாங்கியில் சொன்னாள்: "எல்லாத்தையும் பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஜலதோஷம் புடிச்சா மூக்கு சிந்தலாம்."

முதலில் ஒரு குரல்தான் எழும்பியது. பழக்கமில்லாத குரல், நடுவில் உடைந்தது.

"திரும்பிப் போ!"

ஹதானாகா. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "திரும்பிப் போடி! வெக்கமா இல்ல உனக்கு?" பக்கத்தில் இருந்த அம்மாள் நாற்காலிமேல் ஏறினாள். "அந்தப் புள்ள பேரைச் சொல்லவிடு!" பிறகு அரங்கமே எழுந்துகொண்டது. "திரும்பிப் போ! திரும்பிப் போ!" பாதி காலியான அரங்கமா இது என்று இருந்தது. ஃபுமியேக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. எத்தனை வருடம் ஆயிற்று இப்படிக் கேட்டு! அழுகை வந்தது. அழுதால் சாயம் கரையும் என்று வகானாவை உதைத்தாள்.

வகானா எழுந்தாள். அவளுக்கும் நிஜமான கோபம். ஒத்திகை, ஏற்பாடு எல்லாம் காற்றில் போயிற்று. விட்ட அறை ஒவ்வொன்றும் வாசல்வரை கேட்டது. ஃபுமியே கடைவாயில் ரத்தத்தோடு, மனசுக்குள் "போடு, இன்னொண்ணு போடு" என்றாள். முடிவில் வகானா அவளைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்து, நடுவர் மூன்று எண்ணியபோது, சுபோய் தொண்டை கிழிய, "மொமோசே வகானாஆஆ!" என்றார். அத்தனை பச்சையும் ஒரே நேரத்தில் பறந்து வந்தது. ஃபுமியே அதன் அடியில் படுத்தபடி இரண்டு சுருளை வெறிபிடித்த மாதிரிக் கிழித்துப் போட்டாள். கூட்டம் இன்னும் உறுமியது.

போட்டி முடிந்து சட்டை மேசையில் அவளிடம் யாரும் வரவில்லை. வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுபோய் மட்டும் ஓடிவந்தார்.

"அடுத்த மாசத்துக்கு இப்பவே டிக்கெட் கேக்கறாங்க! உன்னை மறுபடி வகானா அடிக்கணுமாம். என்ன ஜனங்கடா இது!"

அறைக்குள் வகானா கையை ஐஸ் வாளியில் ஊறவைத்துக்கொண்டு முறைத்தாள்.

"ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்பே."

"என் பேரைச் சொல்லவே விடலையேக்கா..."

"இன்னிக்கு உன் பேரை எத்தனை பேர் கத்தினாங்க, கேட்டியா?"

வகானா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் உதடு வீங்கிடுச்சுக்கா. வேன்ல ஏறு, போற வழியில எல்லாரும் சூடா சாப்பிடலாம்" என்றாள்.

ஃபுமியேக்குப் பசி. கோழியும் முட்டைக்கோசும் கொதிக்கும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து இவர்களோடு சிரித்துச் சாப்பிடுவதுதான் இந்த மெலிந்த வருடங்களில் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம். வாசலில் ரசிகர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உன்கூட ஒரே வண்டியில நான் வந்தா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? இனிமே நாம சேந்து சாப்பிடறது இல்ல. போ." அவள் முதுகில் தட்டப் போன கையை, கதவு திறந்திருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டாள்.

ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். சாயத்தைக் கழுவியிருந்தாலும் வீங்கிய உதடு அவளை யாரென்று காட்டிக்கொடுத்தது. அதே பெட்டியில் ஹதானாகாவும் ஏறினார், தோளில் காலிப் பையோடு. அவளுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. பார்த்தார். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரிலேயே நின்றார். வண்டி ஒவ்வொரு வளைவிலும் அவரைத் தள்ளாட வைத்தது. போன வருடம்தான் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது, மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனவளே ஃபுமியேதான்.

"உட்காருங்க" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஏய் இசோகாய்," என்றார் ஹதானாகா, பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி. "நாடா சுத்தினாளே என் பொண்டாட்டி, அவகிட்ட போன் பண்ணிச் சொன்னேன். அடுத்த மாசம் அவளும் வர்றா. நீ அடி வாங்கறத அவ கண்ணால பாக்கணுமாம்."

ஃபுமியேக்கு அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லவேண்டும் போல் இருந்தது. அவள் தன் பையை எடுத்துக் காலி இருக்கையில் வைத்து, அதன்மேல் காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.