பூட்டிய கடையின் விலை

விலை கேட்பதுதான் அவள் வேலை. மாதாமாதம் கடை கடையாக ஏறி இறங்கி, எண்ணெய் என்ன விலை, சோப்பு என்ன விலை என்று கேட்டு அலுவலகத்தில் சேர்ப்பாள். விலைவாசி இவ்வளவு ஏறியது என்று அங்கே கணக்குப் போட்டு அறிவிப்பார்கள். அந்தக் கணக்கை ஒட்டித்தான் அவள் அப்பாவின் பென்ஷனும் ஏறும். ஏறினால்.

அவள் விலை கேட்கும் மருந்துக்கடைக்காரர் போன வருஷம் கண்ணை மூடினார். இறங்கிய ஷட்டர் திரும்ப ஏறவில்லை. கடை பூட்டியிருந்தால் போன மாத விலையையே போடலாம். ஆனால் ஓரிரு மாதத்துக்குத்தான், பிறகு வேறு கடை பார்க்கவேண்டும் என்பது விதி. அவளும் எதிர்க்கடையில் கேட்டாள். மூச்சிரைப்பு மருந்து அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, திடீர்னு இப்படிக் குதிக்குது? விளக்கம் கேப்பாங்க. பக்கம் பக்கமா எழுதணும், எழுதறியா?"

எதற்கு வம்பு என்று பழைய விலையையே போட்டாள். பொய்க்கு ஆயுசு கம்மி என்பார்கள். இந்தப் பொய்க்கு மட்டும் மாதாமாதம் ஆயுசு கூடிக்கொண்டே போனது.

படிவத்தில் அந்த மருந்தின் விலை எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். கடைக்காரர் உயிரோடு இருந்தபோது சொன்ன அதே தோரணையில், முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும்: "அதே விலைதாம்மா, போட்டுக்கோ." திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். மருந்துக்கடை வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். பயந்தாள். பயந்துகொண்டே போட்டாள்.

இந்த வருஷம் பென்ஷன் பேருக்கு ஏறியது. அன்று சாயங்காலம் அப்பாவுக்கு இரைப்பு அதிகமாக இருந்தது.

"மருந்து இழுத்தீங்களாப்பா?"

"நாலு நாளா இல்ல. அதுக்கு முன்னாடியும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். எதிர்க்கடைக்காரன் பகல்கொள்ளை அடிக்கறான். மருந்து விலை ஏறவே இல்லன்னு பேப்பர்லயே போட்டிருக்கு, நீயும் சொன்னே." அவள் கையில் காசைத் திணித்தார். "உங்க ஆபீஸ் விலைக்கு எவன் குடுக்கறானோ, அவன்கிட்ட வாங்கிட்டு வா."

ஏறிடுச்சுப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர்க்கடைக்குத்தான் கிளம்பினாள். கால்கள் பூட்டிய ஷட்டர் முன்னால் போய் நின்றன. ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அதே விலைதாம்மா," என்றது உள்ளேயிருந்து குரல். "மருந்துதான் இல்ல."

குரலுக்குப் பின்னால் யாருக்கோ மூச்சு இரைத்தது. சின்ன வயசிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த இரைப்பு அது.

எதிர்க்கடையில் கேட்ட விலையைக் கொடுத்து, மருந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

வீட்டில் இரைப்புச் சத்தமே இல்லை.